மலைக்குப் பின்னால் ஒன்பது கிலோமீற்றர்

சாகாமக் குளக்கட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு றிபாத் பின்சில்லின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கூரான கல்லொன்று டயரின் பக்கத்தைக் கிழித்திருந்தது. ட்யூபை மாற்றினால் மட்டும் போதாது, கிழிசலுக்கு உள்ளால் எதையாவது மடித்து வைக்க வேண்டும். எப்படியும் அரை மணித்தியால வேலை.

“நீ போ மச்சான். நான் பின்னால வந்து பிடிக்கிறன்,” என்றான்.

சுதன் கைபேசியில் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தான். வினாயகபுரத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன் அவன். மூன்று வருடமாக இருவரும் சரளை போட்ட கிறவல் ரோட்டுகளில் ஒன்றாகவே சைக்கிள் ஓடுகிறார்கள்.

“மலைக்கு அங்கால ரோட்டு எப்பிடி? நீ போயிருக்காய்தானே?”

“ஓம். போன மாசம் முழுக்க ஓடிப் பார்த்தன். நல்ல கிறவல். இறக்கத்தில பிறேக்கே தேவையில்ல.”

சுதன் கையை ஆட்டிவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினான்.

றிபாத் சொன்னது பொய். கல்முனைப் பாடசாலையொன்றில் புவியியல் படிப்பிக்கிறவன் அவன். அடுத்த மாதம் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் முப்பது பேர் அவன் வகுத்த இந்தப் பாதையில் சைக்கிள் ஓட வரவிருந்தார்கள். வயல், காடு, மலையைச் சுற்றி ஒரு வட்டம் என்று மொத்தம் அறுபது கிலோமீற்றர். அதில் ஐம்பத்தொன்றை அவன் தன் காலால் மிதித்துப் பார்த்திருந்தான். மலைக்குப் பின்னால் உள்ள ஒன்பதை மட்டும் வீட்டில் இருந்தபடி செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறிவிட்டான். படத்தில் அந்த ரோட்டு எங்கும் அறாத வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. போய்ப் பார்க்க நினைத்த கிழமையில் காய்ச்சல், அதற்கடுத்த கிழமை சோதனைத் தாள்கள். யாரோ கேட்டபோது “போயிருக்கிறேன்” என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னான். பிறகு அதையே சொல்வது இலேசாகிவிட்டது.

மோட்டார் சைக்கிள் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஸைனுலாப்தீன், அந்த வயல் வட்டையின் வட்டவிதானை. தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. இறங்காமலே கேட்டார்.

“ஸேர், மத்த ஆள் எங்க?”

“மலைப்பக்கம் போயிட்டான். ஏன் காக்கா?”

“அல்லாவே! மின்வேலியை முறிச்சிக்கிட்டு தனியன் யானை ஒண்டு உள்ளுக்கு வந்திரிக்கு. விடியக்காலையில கச்சிமுகம்மதுட காவல் பரணைப் புரட்டிப் போட்டுட்டு மலைக்குப் பின்னாலதான் போயிரிக்காம். அந்த ரோட்டால ஆரு போகச் சொன்ன? மார்கழி மழையில பாலமும் அள்ளுண்டு போச்சே!”

“எந்தப் பாலம்?”

வட்டவிதானை அவன் முகத்தைப் பார்த்தார்.

“என்ன ஸேர், எந்தப் பாலமா? நீங்க போய்ப் பார்த்த ரோட்டுதானே?”

றிபாத் கைபேசியை எடுத்து சுதனுக்கு அடித்தான். காட்டுக்குள் சிக்னல் கிடையாது என்பது தெரிந்தும் நாலு தரம் அடித்தான்.

“நான் உழவு மெஷினும் யானை வெடியும் எடுத்துக்கிட்டு வாறன். நீங்க இஞ்சயே நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு வட்டவிதானை திரும்பிப் பறந்தார்.

றிபாத் நிற்கவில்லை. பிஸ்கட் பைக்கற்றின் உறையை நாலாக மடித்துக் கிழிசலுக்குள் செருகி, காற்றடித்து, ஏறி மிதித்தான்.

வயல் முடிந்ததும் இருபுறமும் பாலை மரங்களும் வீரை மரங்களும் நெருங்கி வந்தன. ரோட்டின் செம்மண்ணில் சுதனின் டயர்த் தடம் பாம்பு போன தடமாக முன்னே போய்க்கொண்டிருந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தான். கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்பதும் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டான். ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று, மறுபடி ஏற்றம். மலையடியில் அவனுக்குத் தெரிந்த ரோட்டு முடிந்தது.

அதற்கப்பால் அரை மைல் போனதும் பிறேக்கை அழுத்தினான். டயர்த் தடத்தின் மேல் சுளகு அகலத்துக்கு ஒரு காலடி பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சுதன் போன பிறகு யானை அந்த வழியால் நடந்திருக்கிறது.

சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நடந்தான். ரோட்டு சரிவாக இறங்கி ஒரு வளைவு திரும்பியது. வளைவுக்கு அப்பால் ரோட்டே இல்லை. ஓடையின் இரு கரையிலும் பாலத்தின் கொங்கிறீட் சுவர்கள் மட்டும் நின்றன. நடுவில் ஆளுயரத்துக்கு மேலான பள்ளம். அதற்குள் முன்சில்லு நெளிந்த சைக்கிள் கிடந்தது. கரையோடு சாய்ந்து சுதன் இருந்தான். வலது பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

றிபாத்தைக் கண்டதும் சுதன் விரலை உதட்டில் வைத்தான். பிறகு ஓடையின் மேல்பக்கத்தைக் காட்டினான். இருபது யார் தூரத்தில் நாணல் அசைந்தது. நாணலுக்கு மேலே, காய்ந்த சேறு பூசிய முதுகு.

திரும்பிப் போய் மெஷினை மறித்துக் கூட்டி வரலாம். புத்தி அதைத்தான் சொன்னது. றிபாத் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வேரைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கினான்.

“ஏன் இறங்கினாய், விசரா?” சுதனின் குரல் மூச்சாகத்தான் வந்தது.

“கால்?”

“முறிஞ்சிட்டு. முறிஞ்ச சத்தம் கேட்டிச்சு.”

காற்று அவர்கள் பக்கமாக வீசியது. அதனால்தான் யானை இன்னும் அவர்களை அறியவில்லை. நாணலை வேரோடு பிடுங்கி, முழங்காலில் அடித்து மண்ணை உதறி, மென்றது. ஒவ்வொரு அடிக்கும் சுதனின் கை றிபாத்தின் சட்டையை இறுக்கியது.

அப்போதுதான் மெஷின் சத்தம் கேட்டது. ரோட்டுப் பக்கத்திலிருந்து அல்ல, வயல் பக்கத்திலிருந்து, ஓடையின் மேலிருந்து. வட்டவிதானை யானையைக் காட்டுக்குத் துரத்துவதாக நினைத்துத்தான் வருகிறார். மேலே வெடி போட்டால் யானை ஓட இருப்பது ஒரே வழி, இந்த ஓடை. கத்தி அவரைத் தடுக்கவும் முடியாது. தூரம்.

“மேல ஏறணும். இப்பவே. என்ட தோளில கால வை.”

“ஏலாது மச்சான்.”

“ஏலும். ஹெல்மட் வாரைக் கடிச்சிக்க.”

சுதனின் நல்ல காலைத் தோளில் தாங்கி, கொங்கிறீட் சுவரைப் பிடித்தபடி றிபாத் எழும்பினான். முறிந்த கால் சுவரில் உரசியது. வாரைக் கடித்த பல்லுக்குள்ளால் ஒரு முனகல் கசிந்தது. மேலே நாணல் அசைவது நின்றது. சுதன் வேரொன்றை எட்டிப் பிடித்தான், நெஞ்சு கரையில் ஏறியது.

முதல் வெடி வெடித்தது.

றிபாத் சுதனின் இடுப்பைக் கடைசியாக ஒருமுறை உந்திவிட்டான். தான் ஏற நேரமில்லை. சுவரின் மறுபக்கத்தில் கரைக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையில் மண் அரித்துப்போன ஓர் இடுக்கு இருந்தது. அதற்குள் முதுகைச் செருகினான். கலிமா வாயில் பாதியிலேயே நின்றது. இரண்டாவது வெடியோடு ஓடை முழுவதும் அதிர்ந்தது. சாணமும் பச்சை நாணலும் கலந்த வாசனை முதலில் வந்தது, பிறகு யானை வந்தது. கைநீட்டினால் தொடலாம். சைக்கிள் அதன் காலடியில் தகரப் பேணியாய் நசுங்கியது. சுவர் ஒருமுறை குலுங்கி, அவன் தலையில் மண் கொட்டியது.

பிறகு ஓடையில் தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்டது.

“றிபாத்! டேய் றிபாத்!” சுதன் கரையில் குப்புறக் கிடந்தபடி கையைக் கீழே நீட்டிக்கொண்டிருந்தான்.

மெஷினின் இழுவைப் பெட்டியில் சுதனைக் கிடத்தி, ரோட்டுக்குக் கொண்டுவந்து, வாடகைக்கு வானொன்றைப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பகல் ஒரு மணி. வாசலில் நின்ற எல்லோரிடமும் வட்டவிதானை சொல்லிக்கொண்டிருந்தார், “ஸேர் பள்ளத்துக்குள்ள குதிச்சல்லவா காப்பாத்தின!” சுதனின் மனைவி சுகிர்தா ஓடிவந்து றிபாத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன், நீங்க இல்லாட்டி…”

அவள் அழுதாள். அந்தக் கைகளுக்குள் தன் கைகளை வைத்திருக்க அவனால் முடியவில்லை.

“தங்கச்சி, அந்த ரோட்டால நான் ஒரு நாளும் போனதில்ல. போயிரிக்கன் எண்டு அவனிட்டப் பொய் சொன்ன நான்.”

சுகிர்தா கையை மெதுவாக எடுத்தாள்.

“அதை என்னட்ட இல்ல, அவரிட்டச் சொல்லுங்க.”

மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்த சுதனிடம் அவன் நின்றபடியே சொன்னான். சுதன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

“எத்தின கிலோமீற்றர்?”

“ஒம்பது.”

“முப்பது பேரையும் அதுக்குள்ளாலதான் கொண்டுபோக இருந்தாயா?”

“ஓம்.”

“நீ இறங்கி வந்ததை நான் மறக்க மாட்டன்,” என்றான் சுதன். “ஆனா இதையும் மறக்க மாட்டன். போனை எடு. அவங்க எல்லாருக்கும் சொல்லு. எனக்குக் கேக்கச் சொல்லு.”

றிபாத் கைபேசியை எடுத்து, அந்த முப்பது பேரின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, குரல்பதிவை அழுத்தினான். முதலில் தன் பெயரைச் சொன்னான். பிறகு, தான் போகாத ரோட்டைப் போனதாகச் சொன்னதைச் சொன்னான்.