பதினெட்டு யூனிட்

1

இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து வாங்கியது. அண்ணி முப்பத்தாறு வருடமாக நர்ஸ். துவைத்த சீருடையை மடித்துக்கொண்டே, "தம்பி, நேத்து ஒருத்தரைக் கொல்லப் பாத்தேன்" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீண்ட தாழ்வாரத்தில் களைத்த பாதங்கள்…

(அடித்துவிட்டேன். களைத்தாலும் அண்ணியின் நடை அரை ஓட்டம்.)

2

இன்சுலின் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நர்ஸ் மருந்தை எடுப்பார். இன்னொருவர் டாக்டர் எழுதிய சீட்டையும் ஊசியையும் பார்த்து, தானாக அளவைச் சொல்ல வேண்டும். பிறகுதான் கையெழுத்து. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஒரே ஒரு ஓட்டை: மூத்தவர் எடுத்தால் இளையவர் பார்ப்பதில்லை.

சீட்டில் எட்டு யூனிட். அண்ணி எடுத்தது பதினெட்டு. இளைய நர்ஸ் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். "நீங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும்க்கா."

நோயாளி கையை நீட்டிவிட்டார். அண்ணி ஏனோ ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொட்டிவிட்டு வேறு எடுத்தார்.

3

அண்ணி சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தவறு அறிக்கைத் தாளை வாங்கி நிரப்பினார். காரணங்களில் 'கவனக்குறைவு' இருந்தது, 'பயிற்சிக் குறைவு' இருந்தது. சோர்வுக்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினார்: 'பதினோரு நாளாக விடுப்பு இல்லை. எங்கள் வார்டில் யாருக்கும் இல்லை.'

மேற்பார்வையாளர் அண்ணியைவிட இருபது வயது சின்னவர். பதறிவிட்டார்.

"ஒண்ணும் ஆகலையே சிஸ்டர், கிழிச்சிப் போடுங்க. மேல போச்சுன்னா, வயசாயிடுச்சுன்னு உங்களை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிடுவாங்க."

"எனக்குப் போர்வை எண்ணவும் தெரியும் மேடம். கையெழுத்துப் போடுங்க."

(இந்த வரியை நான் மெருகேற்றவில்லை. அப்படியே சொன்னாராம். எனக்கு வார்த்தை இவ்வளவு சீக்கிரம் வராது.)

4

முடிவு ஒன்று: வார்டு முழுக்க விடுப்பு, கைதட்டல். அண்ணி படித்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி தம்பி இது? நானும் அங்க சேந்துக்கறேன்" என்றார்.

முடிவு இரண்டு: ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்து அண்ணி அழு—

"தினமும் டூட்டிக்குக் கிளம்பறப்போ குளியலறையில அழுதேன். அதை எழுதுங்க. ஆனா அது அறிக்கை குடுக்கறதுக்கு முன்னாடின்னு எழுதுங்க. குடுத்த அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்."

எழுதிவிட்டேன்.

5

கதையில் தாள் இப்போது மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கிறது. அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும்; எழுத மாட்டேன். எழுதினால் கதை அந்த மேசையுடையதாகிவிடும். கையெழுத்துப் போடுவதோ கிழிப்பதோ உங்கள் பாடு. அந்தத் தாளை நிரப்பியது என் அண்ணி.