கோட்டைக்காரரின் நண்பர்

உலகத்தில் இதுவரை எழும்பிய கோட்டைகளிலெல்லாம் உறுதியானது தான் காக்கும் சர்வர்தான் என்று சிஸ்டம்ஸ்காரர் வாய் ஓயாமல் சொல்லிவந்தார். அன்று மதியம் அது மெய்யாயிற்று. அவராலேயே உள்ளே நுழைய முடியவில்லை.

ஆபீஸுக்காக எங்கோ ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்திருந்த அந்த சர்வருக்குள் எல்லோரும் பாஸ்வேர்ட் தட்டித்தான் போய்வந்தார்கள். அது பாமரர் வழி என்று முடிவுகட்டிய அவர், இனி டிஜிட்டல் சாவி உள்ளவர்க்கே அனுமதி என்று மாற்றத் தொடங்கினார்.

"அண்ணே, சர்வருக்குள்ள இருக்கற விண்டோவ மூடிடாதீங்க. இன்னொண்ணு தொறந்து, சாவி வேலை செய்யுதான்னு பாத்துட்டு மூடுங்க," என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சர்வர் பாத்தவன்மா நான். போய்ச் சாப்பிடு."

போனாள். மற்றவர்களும் சிரித்துப் பேசியபடி கும்பலாகக் கிளம்பினார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார் என்பது ஆபீஸே அறிந்த சங்கதி. அவருக்கு மட்டும் தெரியாது.

மாற்றத்தைச் சேமித்தார், கம்பீரமாக விண்டோவை மூடினார். தன் சாவியை சர்வரில் பதிய மறந்தது அப்புறம்தான் உறைத்தது. மூன்று மணிக்கு முதலாளி விருந்தாளிகளுக்கு அதைத் திறந்து காட்டவேண்டும். மானம் கப்பலேறிவிடும்.

சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"தொறந்துடலாம் சார்," என்றாள் உதவிப் பிரிவுப் பெண். "ஆனா நீங்கதான் நீங்கன்னு இன்னொருத்தர் சொல்லணும். நீங்க குடுத்து வெச்ச ரெண்டாவது நம்பருக்கு இப்பவே கூப்பிடறேன்."

கம்பெனி அந்த நம்பரைக் கேட்ட நாளில் அவர் வெகுநேரம் யோசித்திருந்தார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. தன் அக்கா வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. ஆபீஸில் எவரையும் நம்பியதில்லை. கடைசியில் தன்னுடைய இன்னொரு போன் நம்பரையே கொடுத்து, 'நண்பர்' என்று போட்டிருந்தார்.

இழுப்பறைக்குள் அந்தப் போன் அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

"அவர உங்களுக்கு நல்லாத் தெரியுமா சார்?"

"சின்ன வயசுலேர்ந்து."

"நம்பலாமில்ல?"

"கொஞ்சம் கர்வம் உண்டு. மத்தபடி நல்ல மனுஷன்மா."

அவள் சிரித்தாள். "இப்படி ஒரு ஃப்ரெண்டு அமையணுமே!"

சர்வர் திறந்தது.

அந்தப் போனுக்கு இரண்டு வருடமாகத் தவறாமல் சார்ஜ் ஏற்றிவந்தார். அதற்கு வந்த முதல் அழைப்பு அது.