பிடிவாதத்தில் கட்டிய காயில்

மாரப்பன் தன் மாடி வீட்டு ஹாலையே விமானமாக்கிக்கொண்டிருந்தார்; முன்பாகம் தயாராகிவிட்டது. கிளம்புவதற்கு ஒரே ஒரு சுவிட்ச்தான் பாக்கி. திருகிவிட்டுக் கையை எடுத்தால் அது திருகிய இடத்திலேயே நிற்க வேண்டும். எஞ்சின் முழித்ததும் தானாக 'டக்'கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படிப் பிடித்து நிறுத்த உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒரு காந்தக் காயில் வேண்டும். சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டியே பெயரெடுத்தவர் மாரப்பன். இருந்தும் என்ன, செம்புக் கம்பியில் எவ்வளவு கட்டினாலும் ஸ்பிரிங் இழுத்த இழுப்புக்குச் சுவிட்ச் கையோடு கூடவே வந்துவிட்டது.

"செம்புல ஏதுங்க பிடிவாதம்?" என்றாள் அவர் மனைவி பூங்கோதை.

நியாயம்தானே! பிடிவாதத்துக்கு அவள் அண்ணன் ரங்கசாமியை விட்டால் ஆளேது? கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வரவில்லை என்று எழுந்து போனவர், தங்கை வீட்டு வாசற்படியை இன்றுவரை மிதிக்கவில்லை. மாரப்பன் நேரே போய், பிடிவாதம் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். "தரவே மாட்டேன்" என்றார் ரங்கசாமி. அந்தப் பேச்சின் நுனியைப் பிடித்து மாரப்பன் பாபின் உருளையில் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல முறுக்கான இழை.

மாட்டியதும் சுவிட்ச் அசையாமல் நின்றது. எஞ்சின் முழித்தது. சுவிட்ச் விடவில்லை. எஞ்சின் கத்தியது, கெஞ்சியது, ம்ஹூம். பிடிவாதம் மொத்தமும் உருவப்பட்டுப் போன ரங்கசாமிதான் பெட்டியோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, "மாப்ளே, பாயசம் இருக்குதா?" என்று கேட்டார்.

இன்றைக்குக் கிளம்பும் என்று மாரப்பன் தெருவெல்லாம் சொல்லியிருந்தார். தெருவே மூட்டை முடிச்சோடு ஹாலில் உட்கார்ந்திருந்தது.

"விமானம் ஏறலீன்னா இவரு மானம் கப்பலேறிப் போயிருமுங்க" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"எங்கண்ணனுக்குப் பிடிக்க மட்டும்தானுங்க தெரியும். விடவும் தெரியோணும். என்னுதைக் கட்டிப் பாருங்க" என்றாள் பூங்கோதை. அதுவும் சரிதான். அடுப்பில் பால் பொங்கும்வரைதான் அவள் சண்டை பிடிப்பாள். பொங்கிவிட்டால் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடுவாள்.

"இந்தச் சோபாவைத் தூக்கி பால்கனியில போட்டுறலாமா?" என்று கேட்டார் மாரப்பன்.

"முடியவே முடியாது!"

அந்தப் பேச்சைச் சுற்றி எடுத்தார். கட்டினார். திருகிவிட்டுக் கையை எடுத்தார். நின்றது. எஞ்சின் பால் மாதிரி மெல்லச் சூடேறி, பொங்கி எழுந்தது.

டக்.

அடடா, என்ன சத்தம்! தன் கையால் கட்டியது தானாகப் பிடித்து, தானாக விட்டதைப் பார்த்து மாரப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹால் கிளம்பியது. கேலி பேசியவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். சுவிட்ச் விட்ட பிடிவாதம் பூங்கோதைக்கே திரும்பிவிட்டதால், அவள் அண்ணனை எழுப்பி ஜன்னலோரத்தைப் பிடித்தாள்.

மேகத்துக்கு மேலே போனதும் காலிங் பெல் அடித்தது. கீழ்வீட்டு வேலுச்சாமி நின்றிருந்தார்.

"ஏனுங்க, அந்த டக்குங்கற சத்தம் கீழ வரைக்கும் கேக்குதுங்க."

"அங்க வரைக்கும் கேக்குதுங்களா!"

மாரப்பன் பூரித்துப்போனார். அவரை உள்ளே அழைத்து முன்னால் உட்கார வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை திருகிக் காட்டினார்.