திருத்திய முகவரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்வேர்டு மறந்த நர்சு, கணக்கு பூட்டிக்கொண்ட டாக்டர், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஆபீஸ் கணினிக்குள் நுழைய முடியாத கணக்கர் என்று எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அதனால் ‘சாவி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்த அறை. நாலு நாற்காலி, நாலு ஹெட்செட். பக்கத்து அறையின் நீராவியில் சுவர் எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

அன்றைக்குக் காலையில் புகார்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் படுத்துவிட்டது. காலை ஷிப்டுப் பெண் எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குச் சாவி எடுத்த சீட்டில் இப்படி இருந்தது: ‘மருந்துப் பிரிவு. மொபைல். விபிஎன் மூணு நாளா வரல. ரொம்பக் கோபம்.’ கீழே ஒரு போன் நம்பர். அதில் கடைசி எண் ஏழு என்று சாவி படித்தாள். உண்மையில் அது ஒன்று என்ற எண். இந்த விஷயம் அவளுக்கும் மறுமுனையில் போனை எடுத்தவருக்கும் தெரியவர அரைமணி நேரம் ஆயிற்று.

கோபக்காரர் என்று எழுதியிருந்ததால் ஆஸ்பத்திரி, பிரிவு என்று சொல்லவேண்டிய நீளமான முகவுரையை அவள் விட்டுவிட்டாள்.

“வணக்கம் சார், உதவி மையத்துலேருந்து பேசறேன். மொபைல்ல விபிஎன் வரலைன்னு சொல்லியிருந்தீங்களே?”

“அப்பாடா!” என்றது ஒரு வயதான குரல். “மூணு நாளா காத்துக்கிட்டிருக்கேம்மா. கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னே சொன்னாங்க. கூப்பிட்டுட்டீங்க.”

கோபத்தின் சாயலே இல்லை. சாவிக்கு முதல் குழப்பம் அங்கேதான்.

“நீங்க மருந்துப் பக்கம்தானே சார்?”

“மருந்தேதான். அஞ்சு மணிக்குள்ள ஒரு மருந்தைப் பாத்து நான் சரின்னு சொல்லியாகணும். ஆபரேஷன் ஆனதால மாடி ஏறக்கூடாதுன்னுட்டாங்க. வீட்லேருந்தே பாருங்கன்னு ஒரு தாள் குடுத்தாங்க. அதுல இருக்கிற மாதிரியேதான் செஞ்சேன். உள்ளயே விடமாட்டேங்குது.”

“சரி சார், ஸ்பீக்கர்ல போட்டுக்குங்க. முதல்ல செட்டிங்ஸுக்குள்ள போங்க.”

“அப்படி ஒண்ணும் இல்லையேம்மா.”

“பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும்.”

“இருக்கு. ‘அமைப்புகள்’னு போட்டிருக்கு. அமைப்புன்னா சங்கம், கட்சி. ‘அமைவுகள்’னு இருந்திருக்கணும்.”

அவர் போன் முழுக்கத் தமிழில் இருந்தது. சாவி பத்து வருஷமாகத் தமிழில் பேசித்தான் போன்களைச் சரிசெய்கிறாள்; ஆனால் ஒரு போனைத் தமிழில் பார்த்ததில்லை. ‘நெட்வொர்க்’ எங்கே என்று கேட்டால் ‘பிணையம்’ இருக்கிறது என்றார். பிணையம் என்றால் ஜாமீன் அல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு ‘மெய்நிகர்’ என்று ஏதோ ஒன்று வந்தது. அதைத் தொடச் சொன்னாள். கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் சர்க்கரை டப்பா தேடுவது போல இருந்தது.

“பழசா ஒரு இணைப்பு சேத்து வச்சிருப்பீங்க பாருங்க. அதைத் தொட்டா என்ன வருது?”

“‘மறந்துவிடு’ன்னு வருது.”

“அதேதான், தொடுங்க.”

“எதைம்மா மறக்கணும்?”

“நீங்க மறக்க வேணாம் சார். போன் மறந்துடும்.”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “யாரு அது? எதை மறக்கச் சொல்றாங்க?”

“நீ சும்மா இரு. ஆபீஸ்லேருந்து பேசறாங்க,” என்றார் அவர், மனைவியிடம்.

பழைய இணைப்பை அழித்தாயிற்று. புதிதாக ஒன்று சேர்க்கவைத்து, ஆஸ்பத்திரியின் சர்வர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லி, முடிவில் முழுதாக ஒருமுறை வாசித்துக் காட்டினார். இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் தன் பாஸ்வேர்டைப் போட்டதும் மறுபடி உதைத்தது.

“‘அங்கீகாரம் தோல்வியடைந்தது’ங்குது. ‘ங்’ விட்டுட்டாங்க, ‘அகீகாரம்’னு இருக்கு.”

“உங்க பணியாளர் எண் என்ன சார்?”

சொன்னார். நாலு இலக்கம். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆறு. தேடிப்பார்த்தாள், இல்லை.

“புதுசா சேந்திருக்கீங்களா?”

“இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா.”

இருபத்தாறு வருஷமாக மருந்துப் பிரிவில் இருக்கிற ஆள் சிஸ்டத்திலேயே இல்லை. சாவி பேனாவால் நெற்றியைச் சொறிந்தாள். அறைக்குக் குறுக்கே மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அழைப்பு பதினைந்து நிமிஷம் தாண்டினால் அவருடைய திரையில் சிவப்பு விளக்கு எரியும். அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

“நீங்க எந்தக் கட்டடம் சார்? பழைய பிளாக்கா, புதுசா?”

“நாலாவது மாடி. கட்டு போடற பிரிவுக்கு நேர் மேல.”

கட்டுப்போடும் அறை தரைத்தளத்தில் அல்லவா? சரி, புதுக் கட்டடத்தில் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“அங்க கூட்டம் நிறைய இருக்குமே சார்.”

“கூட்டம் என்ன கூட்டம், எல்லாம் மெஷின்தான். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கட்டு போட்டுத் தள்ளுது.”

“மெஷினா?” சாவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆளுங்களுக்கா?”

“ஆளுங்களுக்கு ஏம்மா கட்டு போடணும்? புத்தகத்துக்கு.”

சலவைக்கூடத்தில் ஏதோ மெஷின் ஓடி நின்றது.

“சார், நீங்க எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரியா? எனக்குத் தையல் பிரிச்சே பத்து நாள் ஆச்சே. எதுக்குக் கேக்குறீங்க?”

பிறகு இருவரும் நிதானமாக, முதலிலிருந்து பேசினார்கள். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை, எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதை அச்சேறும் முன் வாசித்துச் சரி சொல்வது அவர் வேலை. உதவி மையத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி கூப்பிட்டு விபிஎன் என்றாள். வேறு யார் என்று அவர் நினைப்பார்?

சாவி தான் செய்ததை எண்ணிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி சர்வரின் முகவரியை யாரோ ஒருவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது போதாதென்று அவருடைய சொந்த இணைப்பையும் அழிக்கவைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு, ஆஸ்பத்திரி முகவரியை அவர் போனிலிருந்து எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்தார். இனி வைத்துவிட வேண்டியதுதான்.

“அப்ப என்னோடது?” என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. “மணி மூணரை ஆயிடுச்சேம்மா. மறந்துவிடுன்னு சொன்னீங்க, மறந்தாச்சு. இப்ப நான் யாரைக் கேப்பேன்?”

கடிகாரம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். சாவி அவரைப் பார்க்காமல், “உங்க ஆபீஸ் தாள் கையில இருக்கா சார்?” என்றாள்.

மறுபடி அமைப்புகள், பிணையம், மெய்நிகர். இந்தத் தடவை வழி தெரிந்திருந்தது. தாளைப் பார்த்து அவர் முகவரியை அடித்தார். சர்வரைக் காணவில்லை என்றது. மூன்று நாளாக அதே பதில்தானாம். வைஃபையை அணைத்துப் போட்டார்கள். போனையே அணைத்துப் போட்டுவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார். தேதி, நேரம் பார்த்தார்கள். எல்லாம் சரி, ஆனால் எதுவும் வரவில்லை.

“சார், கோவிச்சுக்காதீங்க. முகவரியைத் தாள்ல இருக்கற மாதிரி எழுத்தெழுத்தா எனக்குப் படிங்க.”

“எஸ், இ, சி, யூ, ஆர், இ…”

பின்னாலிருந்து அவர் மனைவி குறுக்கிட்டார். “தாள்ல அப்படி இல்லையே. ‘யூ’வுக்கு அப்புறம் ‘இ’, அப்புறந்தான் ‘ஆர்’. மேல பென்சில்ல பாம்பு மாதிரி ஒரு கோடு போட்டு வச்சிருக்கீங்க.”

“அது இடம் மாறியிருக்குன்னு போடற குறிடி. எழுத்து முன்னபின்ன வந்திருக்கு. தப்பா அடிச்சிருந்தாங்க, நான் திருத்திட்டேன்.”

“திருத்தினீங்களா?” என்றாள் சாவி.

“தப்புன்னா திருத்தணும் இல்லையா?”

“சார், ஒரே ஒரு தடவை, தப்பாவே அடிங்க.”

கெட்ட வார்த்தை சொல்லச் சொன்னது போல அவர் தயங்குவது தெரிந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தொடுகிற சின்ன டக் டக் சத்தம். பாஸ்வேர்டு.

“‘இணைக்கப்பட்டது’,” என்று வாசித்தார். “ஒரு பிழையும் இல்ல.”

சாவி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப தப்புதான் சரியாம்மா?”

“யாரோ முதல்ல சர்வருக்குப் பேர் வைக்கும்போதே மாத்தி அடிச்சிட்டாங்க சார். அதுவே பேராயிடுச்சு. இனிமே அதுதான் சரி.”

“மூணு நாளு,” என்றார் அவர். “மூணு நாளும் நான்தான் கெடுத்திருக்கேன்.”

சாவி போனை வைத்துவிட்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஏழு என்பதை ஒன்றாகப் படித்து, சரியான நம்பருக்குப் போட்டாள். மருந்துப் பிரிவின் மருந்தாளர் எடுத்தார். சீட்டில் எழுதியிருந்த கோபம் அங்கே பத்திரமாக இருந்தது. “காலையில சொன்னேன், சாயங்காலம் கூப்பிடறீங்க! அதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே வந்திருச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. போனை ஒரு தட்டு தட்டினேன், வந்துச்சு.” சாவிக்கும் அது எப்படி வந்தது என்று விளங்கவில்லை. விளங்கியதாகக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

கடிகாரம் விளக்கக் கடிதம் கேட்டார். “என்ன நடந்துச்சுன்னு அஞ்சு வரியில எழுதிக் குடு.” அவள் மூன்றாவது வரியில் இருந்தபோது போன் அடித்தது. மணி நாலே முக்கால்.

“நான்தாம்மா,” என்றார் பிழை திருத்துபவர். குரலைத் தாழ்த்தியிருந்தார். “உள்ள போயிட்டேன். தாளும் வந்துடுச்சு. கண் சொட்டு மருந்து. அதுல, ‘ஒரு மணி நேரத்துக்கு ஆறு முறை’ன்னு இருக்கு.”

“சரி சார்?”

“ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இருக்கணும்னு மனசு சொல்லுது. வார்த்தை முன்னபின்ன வந்திருக்கு. நேத்து வரைக்கும் யோசிக்காம வட்டம் போட்டுத் திருத்தியிருப்பேன். இப்ப பயமா இருக்கு. ஒருவேளை இதுவும் அப்படித்தானோ? தப்பு மாதிரி தெரிஞ்சு, அதுதான் சரியோ? சில கண்ணுக்கு அடிக்கடி போடுவாங்கன்னு வீட்ல வேற சொல்றா. மேலாளரு போனை எடுக்கல. இன்னும் கால் மணியில மெஷின் ஓடிரும். எனக்கு வேற யாரையும் தெரியாதும்மா. நீங்க ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களே…”

சாவிக்குச் சொட்டு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவர் சற்று முன்புதான் அவளைத் திட்டியிருந்தார். இவரை லைனில் நிறுத்திவைத்துவிட்டு மருந்தாளரைக் கூப்பிட்டாள்.

“மறுபடியும் நீங்களா? அதான் வந்திருச்சுன்னேனே!”

“விபிஎன் இல்லீங்க. ஒரு கண் சொட்டு மருந்து…”

மருந்தாளர் மருந்தின் பெயரைக் கேட்டார். எதற்குப் போடுவது என்று கேட்டார். சாவி அங்கே கேட்டு இங்கே சொன்னாள்: கண் அரிப்புக்கு, வீட்டில் போட்டுக்கொள்வது.

“கண்ணுல மோசமான கிருமி வந்து இங்க சேத்தாங்கன்னா அடிக்கடி போடறதும் உண்டு. அது வேற மருந்து. இது அரிப்புக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டா மனுஷன் வேலைவெட்டி பாப்பானா, கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருப்பானா? ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம்தான். யாரு இப்படி எழுதினது?” அவர் குரலில் இப்போது வேறு மாதிரிக் கோபம்.

சாவி அதை அப்படியே சொன்னாள்.

“அப்ப இது தப்புதான்,” என்றார் பிழை திருத்துபவர் மெதுவாக. பிறகு இன்னொரு முறை, தனக்குத்தானே சொல்வது போல, “தப்புதான்.” நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சாவியின் கடிதம் ஐந்து வரியில் முடியவில்லை. இரண்டு பக்கம் வந்தது. கடிகாரம் வாசித்தார், தாளைத் திருப்பினார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். “புத்தகத்துக்குக் கட்டு போடறது வரைக்கும் புரியுது. அப்புறம் மருந்தாளர் எங்கேருந்து வந்தாரு?” அவள் வாயால் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, சர்வர் முகவரியை வெளியே சொன்னதற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை எழுதி, மீதியைக் கோப்பில் செருகினார். சாவி அன்றைக்கு வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது, “அப்ப உன்னைத் திட்டினாங்களா, பாராட்டினாங்களா?” என்று அக்கா கேட்டாள். சாவி கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பிழை திருத்துபவர் கூப்பிட்டார். மெஷினை நிறுத்திவிட்டார்களாம். மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தாளிலேயே அப்படித்தான் இருந்ததாம். அவர்களும் ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

“இன்னொண்ணும்மா,” என்றார். “இப்பத்தான் எங்க ஆபீஸ் உதவி மையத்துலேருந்து கூப்பிட்டாங்க. நாலாவது நாள்! விபிஎன் வேலை செய்யுதுன்னு சொன்னேன். யாரு சரிபண்ணினதுன்னு கேக்குறாங்க. எழுதிக்கணுமாம். என்ன சொல்ல?”

சாவி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கடிகாரம் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

“தாள்ல எழுத்து மாறியிருக்குன்னு பாத்துச் சொன்னது உங்க வீட்டம்மாதானே சார்? அவங்கன்னே சொல்லிடுங்க.”

அவர் போனைக் கையால் முழுதாக மூடாமல் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. உடனே அந்தப் பெண் குரல் உரக்க வந்தது.

“எதுக்கு என்னை இழுக்கிறீங்க? நான் என்ன பண்ணேன்? பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன்!”