ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் கிடைத்தது. உள்ளே இருந்த நர்ஸ், துணைக்கு வந்தவர்களை எல்லாம் வெந்நீர் வாங்கிவரத் துரத்திக்கொண்டே இருந்தாள். அத்தனை வெந்நீரை என்னதான் செய்கிறாள்? மண்டை குடைந்தது. எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் —

(வேண்டாம். பிரசவம் என்றாலே கதைக்காரர்கள் மழையைக் கூப்பிட்டுவிடுகிறோம்.)

வலி எடுத்த மருமகளைக் கட்டிலில் படுக்கவைத்தாள் நர்ஸ்.

"எத்தனாவதும்மா?"

மாமியார் முந்திக்கொண்டார். "தலைப்பிரசவம் சிஸ்டர். பச்சப்புள்ள, ஒண்ணும் தெரியாது."

மருமகள் மின்விசிறியைப் பார்த்தாள். நர்ஸ் மருமகளைப் பார்த்தாள். பிறகு ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.

"கீழ கேன்டீன்ல வெந்நீர் வாங்கிட்டு வாங்கம்மா. நல்லா கொதிக்கணும்."

(அலமாரியில் ஏற்கெனவே நாலு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. நான் பார்த்தேன்.)

3

கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டாள். "இப்ப சொல்லு. இதுக்கு முன்னாடி?"

மருமகளின் கண் மறுபடி மின்விசிறிக்குப் போனது. நர்ஸ் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சார், எழுதுறது நீங்கதானே? இவளுக்கு முன்னாடி பிரசவம் ஆயிருக்கா இல்லையா?"

"அதைக் கடைசியில உடைக்கலாம்னு வெச்சிருக்கேன் சிஸ்டர். ஒரு சஸ்பென்ஸ்..."

"நல்லா இருக்கு உங்க சஸ்பென்ஸ்! போன தடவ ரத்தம் நிக்காம போயிருந்தா இந்தத் தடவையும் போகலாம். முன்னாடியே தெரிஞ்சா ரத்தம், ஊசி எல்லாம் கையில வெச்சிருப்பேன். உங்க கதைக்காக இவ உசிரு போகணுமா?"

எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் என் கையிலும் ஒரு ஃபிளாஸ்க்.

"நீங்களும் கெளம்புங்க. எழுதுற ஆள் முன்னாடி எவ வாயத் திறப்பா?"

4

(இங்கே மருமகள் பேசினாள். நான் கேன்டீன் வரிசையில், மாமியாருக்குப் பின்னால்.)

5

திரும்பி வந்தால், நர்ஸ் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "ரத்தம் இப்பவே மேல வரணும்!"

குழந்தை வீறிட்டது. பெண். பின்னாலேயே ரத்தம் போயிற்று, நிற்காமல். நல்லவேளை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மருமகள் பிழைத்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

6

இனி முடிவு. மாமியாருக்கு ஒரே கேள்விதான்: "தலைப்பிரசவத்துல இப்படி ஆகும்னு அந்த சிஸ்டருக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுது?"

முடிவு ஒன்று: "எல்லாருக்கும் எடுத்து வெப்போம்மா" என்று நர்ஸ் கூசாமல் புளுகுகிறாள். முடிவு இரண்டு: மருமகளே வாயைத் திறக்கிறாள், மாமியார் அப்படியே —

(இரண்டையும் அடித்துவிட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது அவள் பாடு.)

மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கென்ன தெரியும், நான்தான் வெளியே இருந்தேனே! ஆனால் வாசிக்கிற உங்களுக்கு ஃபிளாஸ்க் கொடுக்க நர்ஸ் மறந்துவிட்டாள். நீங்கள் கடைசிவரை உள்ளேதான் இருந்தீர்கள். இதை அவரிடம் உளறித் தொலைத்துவிட்டேன். அதோ, உங்களை நோக்கித்தான் வருகிறார்.

பதறாதீர்கள். கீழே கேன்டீன் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அவர் கையில் இருக்கும் ஃபிளாஸ்க் காலி.