வலி நின்ற மத்தியானம்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகையாவுக்கு, தொண்ணூற்றெட்டாம் வருசத்து மழையில் வயிற்று வலி கண்டது. அலை அலையாய் வந்த வலியில், தொழிலாளர் லயத்தில் தன் ஒற்றைக் காம்பிரா அறைக்குள் சுருண்டு, மனைவி ஜீவராணியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வான். வயிறு மத்தளமாய் உப்பியது. குடித்த தண்ணீரும் பச்சையாய்த் திரும்பி வந்தது.

தோட்ட டிஸ்பென்சர் வீரசிங்கம் வயிறு கழியட்டுமென்று பேதி மருந்து கொடுத்தார்.

"பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாங்களா ஐயா? லொறியைக் கேட்டுத் தாங்க," என்று ஜீவராணி கெஞ்சினாள்.

"கொழுந்து ஏத்துற லொறியை இதுக்கெல்லாம் கேக்க ஏலாது. பொறு, மருந்து புடிக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் வலி நின்றது. அழகையா கண்ணை மூடிப் படுத்துவிட்டான். வீரசிங்கம் வந்து பார்த்துச் சிரித்தார். "நான் சொல்லல?"

ஜீவராணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிம்மதியாய்க் கொழுந்தெடுக்கவும் போனாள். திரும்பி வந்தபோது அவன் கைகால் சில்லிட்டிருந்தது. லயத்து ஆட்கள் கம்பளியில் கட்டித் தூக்கிப்போய், ரோட்டில் மரக்கறி லொறியொன்றை மறித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆபரேஷன் செய்த டொக்டர் ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டு, வாங்குப் பலகையில் ஜீவராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலிதான் நின்னுபோச்சேம்மா. நல்லாயிட்டாருன்னுதானே நெனச்சேன்?"

"குடல் முறுக்கிப்போச்சுதம்மா. குடலுக்கெண்டு தனி நரம்புகள் இருக்கு. அதுகள் சுரக்கிற ரசாயனம்தான் குடலை இறுகு, தளரு எண்டு சொல்லுறது. வழி அடைபட்டா, எப்பிடியும் தள்ளிவிட வேணுமெண்டு திரும்பத் திரும்ப இறுக்கும். அதுதான் அந்த வலி. பிறகு ரத்தம் போகாமல் குடல் செத்துப்போகும். நரம்பும் அடங்கிப்போகும். வலி நிண்டது அதாலைதான். பேதி மருந்து வேற அதை இன்னும் இறுக்கியிருக்கும்."

பிணத்தை ஏற்றிவரத் தோட்டத்து லொறி உடனே கிடைத்தது.

சாவு வீட்டில் வீரசிங்கம், "எல்லாம் விதி," என்றார்.

"விதி இல்லைங்க. அவரு வயிறு செத்துக்கிட்டு இருந்திச்சு. நீங்க சிரிச்சீங்க. நான் ஒங்க காலைத் தொட்டேன்."

வீரசிங்கம் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நாளில் ஜீவராணியின் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. தோட்டத்துக்கு வேறு டிஸ்பென்சர் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீவராணி வரிசையில் நின்றாள்.

"என்ன வருத்தம்?" வீரசிங்கம் தலை நிமிராமல் கேட்டார்.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்க ஐயா," என்றாள்.