வலப்பக்கம் முறுக்கிய கம்பி

அஜேய் பஸ்ஸை என் பட்டறை வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பிப் பக்கத்துக் கடைக்காரி சோளமாவில் அவிக்கும் கென்கே சட்டிமேல் படிந்தது. அவள் என்னைத் திட்டினாள். பம்பு வேலை பார்க்கிறவள் நான்தானே.

போன வாரம்தான் இந்த பஸ்ஸின் டீசல் பம்பை என் பெஞ்சில் ஏற்றி ஓட்டினேன். இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். எல்லாவற்றிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை விடமாட்டேன். அப்புறம், இதற்குமேல் டீசல் போகக்கூடாது என்று தடுக்கும் திருகாணியை முடுக்கி, கம்பி கட்டி, ஈயத்தை நசுக்கி முத்திரை போட்டேன். எங்கள் சுவாமே வட்டாரப் பட்டறைகளில் அந்த முத்திரைக்கு ஒரு மரியாதை உண்டு. அப்படி வைத்த வண்டி புகையாது. இது புகைகிறதே.

முன் சீட்டிலிருந்து முதலாளியம்மா மாமே போமா தலையை நீட்டினாள். "என்னம்மா, என் பஸ்ஸு சுருட்டு குடிக்குது?"

இன்று அவளே கூடப் போகிறாள். ஆட்களை நிறைத்துக்கொண்டு மாம்பொங் மலையில் வண்டி எப்படி ஏறுகிறது என்று பார்ப்பது இங்கே முதலாளிகளின் பரீட்சை. திணறினால் சாவி வேறு டிரைவருக்குப் போய்விடும். அஜேய் என் தம்பி. இந்த ஸ்டியரிங்குக்காக வருஷக்கணக்கில் பஸ் கதவில் தொங்கி ஊர்ப்பெயர் கூவியவன்.

இன்ஜினை அணைக்கச் சொல்லி மூடியைத் தூக்கினேன். நான் இடதுகைக்காரி. சின்ன வயதில் இடது கையால் எதை நீட்டினாலும் அம்மாவிடம் அடி விழும். அடித்தும் கை மாறவில்லை. நான் முறுக்கும் கம்பி இடப்பக்கம்தான் சுற்றும். இது வலப்பக்கம் சுற்றியிருந்தது. ஈயம் என்னுடையது, முறுக்கு என்னுடையதில்லை. யாரோ கம்பியை அவிழ்த்து, திருகாணியைத் தளர்த்திவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அஜேய் பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, கொஞ்சம்தான் தொறந்தேன். இல்லன்னா மலைல இழுக்காது. காட்டிக் குடுத்துடாத."

"கொஞ்சமா? பிஸ்டன் உருகி நடுமலைல நின்னா ஸ்டியரிங் திரும்பாது, பிரேக்குக்குக் காத்து வராது. உள்ள இருக்கறவங்கள நீ தோள்ல சொமந்து எறக்குவியாடா?"

"இன்னிக்கு ஒரு நாள்க்கா."

பஸ்ஸுக்குள்ளே மலை தாண்டி எஜுராவுக்குத் திரும்பும் கிழங்கு வியாபாரிப் பெண்கள். ஒருத்தியின் முதுகில் கட்டியிருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அங்க என்ன குசுகுசுன்னு? முத்திரை உன்னுதுதானே?" என்றாள் மாமே போமா.

உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் இத்தனை உயிர். என் பேர் கெட்டால் கெடட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"என்னுதுதாம்மா. தப்பும் என்னுதுதான். டீசல அதிகமா வச்சுட்டேன். பம்ப கழட்டித் திரும்பவும் பெஞ்சுல ஏத்தணும்."

"தப்பா வச்சவ கைலயே மறுபடி குடுக்கவா? நல்லாருக்கே. அஜேய், வண்டிய எடு. மலை ஏறிட்டு, மாம்பொங்குல வேற ஆளுகிட்டக் காட்டிக்கலாம்."

என் கெட்டிக்காரத்தனத்தில் மண் விழுந்தது. "வேணாம்மா, இது மலைக்குத் தாங்காது."

"இனிமே உன் பேச்ச யாரு கேப்பா?"

அஜேய் என் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் உறுமியது. நான் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டேன். மாமே போமா எட்டி ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை. அஜேய் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். அதில் பின்சீட்டுகள் வரை தெரியும். டேய், சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

இன்ஜின் நின்றது. ஹாரனும் நின்றது. உள்ளே பேசிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடா?" என்றாள் மாமே போமா.

அவன் சாவியை உருவி அவள் கையில் வைத்தான். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. படியைத் தேடி அவன் செருப்புக் கால் காற்றில் துழாவியது.